பஞ்சுக்கு எந்த எண்ணெய்

பாலை இறக்கி, ரசீதை மடித்து வைத்த கையோடு
வண்டியின் பக்கப்பெட்டியைக் கழற்றினேன்.
நான்கு ஆணி. நாலாவது எங்கோ விழுந்து
அந்த இடத்தில் கம்பிதான் முடிச்சாக நிற்கிறது.

உள்ளே எயார் பில்ட்டர். பஞ்சு.
வாங்கிய நாளில் மஞ்சளாம்.
இப்போதைய நிறத்துக்குக் கரடியனாற்றில் பெயரில்லை.

மண்ணெண்ணெயில் அமிழ்த்த
ஒரு மாதப் பாதை கரைந்து வந்தது.
கிரவல்,
வெட்டுமெசின் கிளப்பிய உமித்தூள்,
மணல் டிப்பர்கள் முந்திப்போய் எறிந்த புழுதி
(பெர்மிட் இருக்கா என்று நான் கேட்டதில்லை),
ஒரு வண்டின் சிறகு, உடையாமல்.

முறுக்கினால் கிழியும்.
இரு உள்ளங்கைக்கு நடுவே அமத்தி, விட்டு, அமத்தி,
தலையீற்று மாட்டின் மடியை
முதல் நாள் தொடுகிற மாதிரி.

மறுகாதான் வழக்கு:
எந்த எண்ணெய்?

"தேங்காயெண்ணெய் பூசு கா,
தலைக்கு நல்லதெண்டா மூக்குக்கும் நல்லம்"
என்றது என் புருஷன் சிவபாதம்.
வண்டி ஒரு கிழமை கோயிலுக்குப் போகிறவள்போல் மணந்தது.
பிறகு எறும்பு வந்தது.
பிறகு பிசின்.

மச்சாளின் தையல் மெசின் எண்ணெய்
போட்டதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
இலுப்படிச்சேனைச் சந்திக்கு வரக்கொள்ள
எல்லாம் பெட்டியின் அடியில்;
பஞ்சு வறண்ட நாக்கு.

கழிவு எஞ்சின் ஒயிலையும் ஊற்றிப் பார்த்தேன்.
காசில்லாமல் கிடைத்தது,
சிலிண்டரைத் திறக்கும்வரை.
ஏறாவூர் ஜௌபர் டோர்ச் அடித்துக் காட்டினான்:
சுவர் முழுக்க நீட்டுக் கீறல், பூனை பிறாண்டிய கதவு.
"மண்ணத் திண்டிருக்கு புள்ள உன்ட வண்டி."
ரீபோருக்கு இருபத்தெட்டாயிரம்.
அந்த மாதம் என் பால்கணக்கு
எனக்கே புரியாத மொழியில் இருந்தது.

"பஞ்சுக்கெண்டே ஒரு ஒயில் இரிக்கி.
ஒட்டோணும். ஆனா மூச்சு விடோணும்.
ரெண்டும் செய்யிறது அது ஒண்டுதான்."

செங்கலடியில், கறுத்தப் பாலத்துக்கு இப்பால்,
பார்ட்ஸ் கடையில் ஒரே ஒரு போத்தல்.
விலை பதினேழு லீற்றர் பால்.
அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது:
கிருபைராசா.

மற்றக் கம்பனிக்கு எடுக்கிறவன்.
லீற்றருக்கு ஐந்து ரூபா கூட்டிச் சொல்லி
என் பதினொரு பட்டிக்காரரைக் கொண்டுபோனவன்.
அவனுக்கும் அதே வண்டி, அதே பாதை, அதே இருமல்.
கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு
மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

பாதி பாதி என்று யார் முதலில் சொன்னது
இப்போதும் நினைவில்லை.
பால் அளக்கும் குழாயை அவன் எடுத்தான்,
பாணிமருந்துப் போத்தலை நான் நீட்டினேன்.
நீலமாக, அவசரமேயில்லாமல் இறங்கியது எண்ணெய்.
கோட்டுக்கு நேரே கண்ணை வைத்துக் குனிந்தோம்,
இருவரும், தொழில் பழக்கம்.

"தண்ணி கலக்கல்லியே?" என்றேன்.
"இது நான் கறந்ததில்ல" என்றான்.
மாடுகளைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டில் சொப்பிங் பையில் பஞ்சைப் போட்டு
எண்ணெய் விட்டுப் பிசைந்தேன்.
கூடிப்போனால் எஞ்சின் திணறும்,
மிச்சத்தைப் பழைய பேப்பரில் ஒற்றி எடுத்தேன்.
நிறம் எங்கும் ஒன்றாக வந்தது.
விரல் ஒட்டியது. சவர்க்காரத்துக்கும் போகவில்லை.
அன்று பிசைந்த பிட்டில்
சிவபாதம் ஏதோ மணக்கிறது என்றார்.

விடிய நாலரை.
உதைத்த முதல் உதையிலேயே பிடித்தது.
கிரவல் பாதையில் எனக்கு முன்னால் ஒரு சிவப்பு லைட்,
இரண்டு கேன் ஆடியபடி.
அவன் கிளப்பும் புழுதி என் பஞ்சில் ஒட்டுகிறது.
பன்குடாவெளியில் நான் முந்தினால்
என்னுடையது அவனுடையதில்.

லேஞ்சியை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டிக்கொண்டு
கியரைக் கூட்டினேன்.