ஈரப்பதம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி பெட்டி பெட்டியாய்ப் போக
பைக் டேங்கின் மேல் வைத்து
பரிசோதனைக் கூடத்து உறையைப் பிரித்தேன்.
மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி இரண்டு.
நீட்டும்போதே ரிஸ்வானா சொல்லியிருந்தாள்:
"இன்னும் உள்ள வரலை சார், வாசல்ல நிக்குது."

எனக்குத் தெரியாத கணக்கா அது?
பதினெட்டு வருடமாய்க் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுத்தர் நான்.
கைப்பிடி நெல்லைக் கருவிக்குள் கொட்டி
மூடியைத் திருகினால் எண் வரும்.
பதினேழுக்குள் என்றால் தராசு.
பதினேழு புள்ளி நான்கு என்றால்
"காயப் போடுங்க, நாளைக்குப் பாப்போம்."
அந்தப் புள்ளி நான்குக்காக
தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ராத்திரி படுத்தவர்களை
பெயர் பெயராகச் சொல்வேன்.
மூட்டைக்கு இத்தனை என்று
புள்ளியைக் கரைத்துக் கொடுத்த நாளும் உண்டு.
ரிஸ்வானாவின் கருவியிடம் அது செல்லாது.

மழை வருஷங்களில்
தளர்வு கேட்டு டெல்லிக்கு எழுதுவார்கள்.
குழு வந்து நெல்லைப் பையில் எடுத்துப்போகும்.
பதினேழு பத்தொன்பதாகும்,
சில வருஷம் இன்னும்கூட ஏறும்.
ஆறு புள்ளி இரண்டுக்குத் தளர்வு கேட்டு
நான் யாருக்கு மனுப் போட?

தையல்நாயகி போட்டாள்.
கோயில்வெண்ணிக்குப் பஸ் ஏறிப் போய்
கரும்பேசுவரர் பிராகாரத்தில்
ரவையும் சர்க்கரையும் கலந்து தூவிவிட்டு வந்தாள்.
"எறும்பு அத்தனையும் தூக்கிட்டுப் போயிட்டுது."
அந்த எறும்புகளுக்கு
மூன்று மாதச் சராசரி என்ன இருக்கும் என்றேன்.
சிரிக்கவில்லை.
அன்றிலிருந்து சோற்றுக் கரண்டியைக் காணோம்.

ஒரு டம்ளர் சோறு. அதுவும் தலை தட்டி.
சுற்றிலும் முளைக்கீரை, பீர்க்கங்காய், அவித்த மொச்சை,
மத்தி மீன் இரண்டு.
நாற்பதாயிரம் மூட்டைக்குக் கையெழுத்துப் போட்ட கை
அந்த ஒரு டம்ளரைச் சுற்றிச் சுற்றி வந்தது.
ஜீனி இல்லாமல் டீ கேட்டபோது
எங்கள் வீட்டில் எழவு விழுந்ததுபோல் பார்த்தார்
கடைக்காரர் பன்னீர்.
ராத்திரிச் சாப்பாட்டோடு ஐந்நூறு எம்.ஜி. மாத்திரை.
முதல் வாரம் வயிறு கடமுடவென்றது.
"பழகிடும், விட்டுடாதீங்க" என்ற டாக்டர்
சீட்டின் கடைசியில் பெரிதாய் ஒரு வார்த்தை எழுதினார்:
நடக்கவும்.

எங்கே நடக்க?
மழை விட்ட ஐப்பசிக் காலை.
சாலையின் பாதி அகலம் நெல்.
வைரக்கண்ணுவின் குறுவை,
முந்தின நாள் நான் திருப்பி அனுப்பியது.
பத்தொன்பது புள்ளி ஒன்று.
இளவெயிலில் வெறுங்காலோடு
நெல்லுக்குள் பாதத்தை இழுத்து இழுத்து
சால் போட்டுக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்தார், பார்க்காதவர்போல் திரும்பினார்.

அப்படியே நடந்து போயிருக்கலாம்.
மீதிச் சாலை இருந்தது.
ஏனோ செருப்பை மைல்கல்லடியில் கழற்றினேன்.
அவர் சாலுக்கு அடுத்த சால்.
கணுக்காலில் சுணை ஏறியது.
உள்ளங்காலுக்கு அடியில் நெல் குளிர்ந்திருந்தது,
கருவி இல்லாமலே சொல்லலாம், இன்னும் ஈரம்.
போய்த் திரும்ப ஒரு பர்லாங்.
எட்டாம் நடையில்தான் கேட்டார்:

"என்ன சார், வேண்டுதலா?"

"சுகர்."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"எவ்வளவு இருக்கணும்?"

"அஞ்சு புள்ளி ஏழுக்குக் கீழ."

கொஞ்ச தூரம் பேசாமல் இழுத்தார்.
பிறகு கிழக்கே கறுத்துக்கொண்டு வந்ததை
நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்,
என் குரலிலேயே:

"காயப் போடுங்க சார்.
நாளைக்குப் பாப்போம்."