ஐந்தாம் எண்

நான்காம் எண்ணுக்கும் ஆறாம் எண்ணுக்கும் நடுவில்
என் வயல்.
தேவாலயச் சுவரில் ஒரு தகரப் பெட்டி, பெட்டியில் வரைபடம்.
எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது.
வழிகாட்டியும் கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதில்லை
என்று அதிலேயே அச்சிட்டிருக்கிறது.
அதனால் என்னைக் கேட்கிறார்கள்.

ஐந்தாம் எண் ஓர் இரும்பு வளையம்.
இரண்டு ஆள் உயரம்.
அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் லோலாண்டின் தட்டை மண்,
இரண்டுக்கும் நடுவில் நின்று அது ஏதோ சொன்னதாம்.
உப்புக்காற்று ஒட்டுகளைத் தின்றுவிட்டதென்று
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
பலகையை விட்டுவிட்டுப் போனார்கள்.

பலகைக்குப் பின்னால்
அக்டோபரில் நான் குவித்த சர்க்கரைக் கிழங்கு.
நூற்றிருபது தப்படி நீளம்.
உறைபனிக்கு மேலே வெள்ளைத் துணி,
துணி பறக்காமலிருக்கப் பழைய டயர்கள்.

ஓடென்சேயிலிருந்து சைக்கிளில் வந்த இருவர்
அரைமணி நேரம் அதன் முன் நின்றார்கள்.
"பார், டயர்கள் ஒரே வரிசையில் இல்லை" என்றாள் அவள்,
ரகசியம்போல.
அவன் தொப்பியைக் கழற்றினான்.
முப்பது வருஷத்தில் என் கிழங்குக்கு
ஆலைக்காரன்கூடத் தொப்பி கழற்றியதில்லை.

முதலில் ஓடிப்போய்த் திருத்தினேன்.
"அது கிழங்குங்க."
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்,
நான் தலைப்பைச் சொன்னதுபோல.

ஒரு பையன் மட்டும்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டான்:
"ஐந்து எங்கே?"
பழுதுபார்க்கப் போயிருக்கிறது.
"அப்படியானால் நான் டிக் போடலாமா, கூடாதா?"
வங்கி மேலாளர்கூட என்னை இவ்வளவு நெருக்கியதில்லை.
போட்டுக்கோ என்றேன்.
அவன் பாதி டிக் போட்டான்.

"நீ ஒரு டயரை நகர்த்தினாய், ஜன்னலிலிருந்து பார்த்தேன்"
என்கிறாள் ஸிஸல்.
காற்று, என்றேன்.
"காற்று இரண்டடி பின்னால் போய்
தலையைச் சாய்த்துப் பார்க்குமா?"

டிசம்பரில் ஓர் இரவு
ஆலை லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின.
விடிந்தபோது சகதி, சக்கரத் தடம், தடத்தில் தண்ணீர்.
மஞ்சள் மழைக்கோட்டுப் பெண்ணொருத்தி வந்தாள்.
வரைபடத்தைப் பார்த்தாள், சகதியைப் பார்த்தாள்,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
நோட்டில் என்னமோ எழுதினாள்.
நான் வெளியே போகவில்லை.

அந்த ஞாயிறு செய்வதற்கு ஒன்றுமில்லை.
ஸிஸல் காரில் தேவாலயத்தில் இறக்கிவிட்டாள்.
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
பெட்டியில் கை விட்டேன்.

கடலைப் பார்த்தபடி மூன்று கருங்கல் நாற்காலிகள்.
உட்கார்ந்தேன், பின்புறம் நனைந்தது.
பைன் தோப்பில் மணி கட்டிய கம்பம்;
இத்தனை நாள் ஏய்விந்தின் ஆடுகள் என்று நினைத்திருந்த சத்தம்.
மூன்றாவது அகப்படவே இல்லை.
வாய்க்கால் பம்பை இருபது நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்தேன்,
மோசமில்லை.
நான்காவது வேலிக்குள் ஒரு கண்ணாடி.
அதில் ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவன்
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு கடலணை.
இந்தப் பக்கத்திலிருந்து நான் வீட்டுக்கு வந்ததே இல்லை.
எனக்கு வேலை எப்போதும் வீட்டிலிருந்து கிளம்பும்.
கூரை நான் நினைத்ததைவிடத் தாழ்வு.
தடத்துத் தண்ணீரில் வானம் துண்டு துண்டாக.
கொடியில் நீலமாக ஒன்று
இரண்டு கால்களையும் உதறி உதறி எங்கோ போய்க்கொண்டிருந்தது,
போகாமலும் இருந்தது.
என் வேலை உடுப்புதான்.
தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

புல்லர் குரைத்துக்கொண்டே பாய்ந்து வந்தான்,
காதை மடக்கி, முடி சிலிர்த்து,
அந்நியனைக் குரைக்கிற குரலில்.
நான் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.