வெ

வெந்த முட்டையின் நெற்றியில்
பென்சிலால் ஒரு "வெ" போட்டு வைப்பாள் வதனி.
பச்சையும் அவித்ததும் ஒரே அட்டைப் பெட்டிக்குள்
ஒரே குளிரில், ஒரே வெள்ளையில் கிடக்கும்.
"வெ" இருந்தால் எடு. இல்லையென்றால் வை.
கல்கரிக்கு வந்த நாள் முதல்
எங்கள் வீட்டில் மீறப்படாத ஒரே சட்டம் அது.

விமான நிலையத்துப் பொதிக்கிடங்கிலிருந்து
நான் விடியற்புறம் வருவேன்,
இமை மயிரில் பனி ஒட்டிக்கொண்டு.
அவள் அப்போதுதான் போயிருப்பாள்
முதியோர் இல்லத்துக் காலை முறைக்கு.
வாசலில் கார் நின்ற இடம் மட்டும்
பனி விழாத செவ்வகமாய்க் கறுத்துக் கிடக்கும்.

சில நாள் "வெ"யோடு வேறும் இருக்கும்.
"வெ. வாடகை போட்டாச்சு."
"வெ. முன் டயரில் காத்து இல்லை."
ஒருமுறை, கோதைச் சுற்றிச் சுற்றி, பொடி எழுத்தில்:
"குறட்டை கேளாமல் நித்திரை வருகுதில்லை."
அதை உரிக்க மனமில்லாமல் வைத்திருந்தேன்.
நாலாம் நாள் பசித்தது.

ஞாயிறுதான் இருவரும் வீட்டில் இருக்கும் நாள்.
சண்டைக்கும் அந்த ஒரு நாள்தான்.
தம்பியின் சீட்டுக்கு
அவளுக்குச் சொல்லாமல் நான் போட்ட கையெழுத்து.
அவள் கேட்டாள், நான் கத்தினேன்,
பிறகு கடைக்குப் போய்
ஒரு பெட்டி முட்டை வாங்கி வந்தேன்.
எனக்குத் தெரிந்த சமாதானம் அவ்வளவுதான்.

திங்கள் விடியல் பெட்டியைத் திறந்தேன்.
பன்னிரண்டு. ஒன்றிலும் எழுத்தில்லை.

சரி, மறந்திருப்பாள் என்று
மேசையில் ஒவ்வொன்றாய்ச் சுழற்றினேன்.
அவிந்தது பம்பரம் போல் சுற்றும்.
பச்சை தள்ளாடும்; விரல் வைத்து நிறுத்தி எடுத்தால்
உள்ளே இருப்பது அடங்காமல்
மறுபடி மெல்ல அசையும்.
முதலாவது தள்ளாடியது. இரண்டாவதும்.
ஏழாவது விளிம்புவரை போய்,
யோசித்து, விழுந்தது.
பன்னிரண்டும் பச்சை.
அதாவது, பதினொன்று.

சட்டியில் வைத்தேன். பத்து நிமிடம்.
இந்த ஊர் கடலுக்கு ஆயிரம் மீட்டர் மேலே.
தண்ணீர் இங்கே நூறு பாகைக்குக் காத்திராது,
தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழிலேயே துள்ளத் தொடங்கும்.
கொதிப்புக்கேற்ற சூடு அதில் இல்லை.
"உங்களை மாதிரித்தான்" என்று
வந்த புதிதில் வதனி சொன்னாள்.
அப்போது சிரித்தோம்.

ஒன்றை உரித்தேன்.
புது முட்டை கோதை விடாது,
இரண்டு கிழமையாவது குளிரில் கிடக்க வேண்டும்;
அதுவும் அவள் சொன்னதுதான்.
வெள்ளை பிய்ந்து பிய்ந்து கோதோடு போயிற்று.
எஞ்சியதைக் கடித்தால்
மஞ்சள் மணிக்கட்டு வரை வழிந்தது.

உப்புத்தூள் தீர்ந்திருந்தது.
பாலாவது குடிப்போம் என்று குளிர்ப்பெட்டியைத் திறந்து
பால் குடத்தை நகர்த்தினால்
பின்னால் பழைய பெட்டி.
நான் வாங்கி வந்ததை நானே
முன்னால் வைத்து மறைத்திருக்கிறேன்.
உள்ளே நாலு.
வெ. வெ. வெ.
நாலாவதில்:
"வெ. எவ்வளவுக்குக் கையெழுத்து?"

நின்றபடியே மூன்றைத் தின்றேன்.
வழுக்கிக்கொண்டு உரிந்தன.
நாலாவதை அதன் குழியிலேயே விட்டேன்.

மிச்சம் பத்தையும் திரும்ப அடுப்பேற்றினேன்.
அது வேகும் வரை
தரையில் விழுந்ததை வழித்துத் துடைத்தேன்.
துடைக்கத் துடைக்கப் பரவுகிற சாமான் அது.
கிடங்குச் சட்டைப் பையில் பென்சில் இருந்தது.

சூடு ஆறாத ஒரு முட்டையைத் துணியில் பிடித்து
ஏழு என்று எழுதினேன்.
பின்னால் மூன்று முட்டை.
"வெ" போடலாமா என்று தெரியவில்லை,
சுழற்றிப் பார்த்தேன்.

சுற்றும்போது
ஏழாயிரம் வெறும் சாம்பல் கோடு.
நின்றதும்
மறுபடி ஏழாயிரம்.