பதினோரு எல்போ

கோட்டூர் தாண்டிக் கடைமடை.
மேட்டூர் திறந்த செய்தி முந்தி வரும்,
தண்ணீர் பிந்தி வரும்.
அதுவரை போர்தான்.

"மோட்டார் நோஞ்சான். பத்து குதிரை போடுங்க"
என்கிறார் அமிர்தகடேசன்.
இப்போது ஓடும் ஏழரையே மூன்றாவது மோட்டார்.
தொட்டியில் தண்ணீர்
பசு மூத்திரம் பெய்வதுபோல் விழுகிறது.
கடையிலிருந்து பெண்ணை அனுப்பியதில்
அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை.

குழாயோடு நடந்தேன்.
நூற்றைம்பது அடிகூட இல்லை.
ஒன்று, போர்த்தலையில். சரி, வேண்டும்.
இரண்டு முதல் ஐந்து வரை
ஒரு தென்னையைச் சுற்றிப் போகிறது.
தென்னை இல்லை.
கஜாவில் சாய்ந்து, விறகாகி, எரிந்தும் போயிற்று.
குழாய் மட்டும் இன்னும்
அதற்கு வழிவிட்டு விலகுகிறது.

ஆறு ஏழு எட்டு
தம்பி பங்கின் மூலையை ஒதுக்கி.
"அவன் மண்ணுல ஒரு சாண் போனா வெட்டுவேன்னான்.
போகல."
ஒன்பது பத்து, வாய்க்காலில் இறங்கி ஏற.
பதினொன்று எதற்கு என்றேன்.
யோசித்தார். பீடியைப் பற்றவைத்து மறுபடி யோசித்தார்.
"முன்னேருந்தே இருக்கு."

மன்னார்குடி பாலிடெக்னிக்கில் இதற்குச்
சிறு இழப்புகள் என்று பெயர்.
இரண்டு மதிப்பெண். சாய்ஸில் விட்டேன்.

திருப்பத்தில் தண்ணீர்
வெளிச்சுவரில் போய் முட்டும்,
உள்மடிப்பில் சுழி விழும்.
அந்தக் கிறுகிறுப்புத் தெளியக்
கொஞ்ச தூரம் நேரே நடக்கவிட வேண்டும்.
இங்கே தெளிவதற்குள் அடுத்த எல்போ.
வேகம் இரண்டு மடங்கானால்
இழப்பு நான்கு மடங்கு.
பத்து குதிரைக்கு வைக்கும் கொள்ளில் பாதி
முக்குகளுக்கே போகும் ஐயா என்றேன்.

ரம்பம் எடுத்தேன்.
தென்னை நின்ற இடத்தை
ஒரே நேர்த்துண்டால் கடந்தேன்.
அந்தக் குழிமேட்டில் கால்வைக்காமல்
அவர் சுற்றி வந்து குழாயைப் பிடித்தார்.
பதினொன்றையும் கழித்தேன்.
பசை காய இரண்டு மணி நேரம்.
வரப்பின் அந்தப் பக்கம் தம்பி
வந்து பார்த்தார், எதுவும் பேசாமல்
மாட்டை இடம் மாற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

சுவிட்ச்.
குழாய் ஒருமுறை செருமியது.
தொட்டியின் எதிர்ச்சுவரைத் தொட்டு விழுந்தது தண்ணீர்.
மூலை வயலுக்குப் போகுமா என்பது
நாளைக்குத்தான் தெரியும்.

வெட்டிய ஐந்து எல்போவையும்
உரச்சாக்கில் போட்டுக் கட்டினார் அமிர்தகடேசன்.
"கிடக்கட்டும். எங்கயாவது திரும்பணும்னா
ஆகும்."