அளவுக்கு ஆள் இல்லை

சனிக்கிழமை இரவு, புக்கிட் பாத்தோக் காப்பிக்கடை.
மின்விசிறிக்குக் கீழே இரண்டு மேசைகளை ஒட்டிப்போட்டு
நாங்கள் ஆறு பேர்.
வயதைக் கூட்டினால் இருநூற்றைம்பது தாண்டும்.
கோப்பை எடுக்க வருகிற அம்மாள்
இன்றைக்கும் கேட்கிறார், பிள்ளைகளுக்கா என்று.

புதுப் பெட்டி வந்திருக்கிறது.
ஜுல்கிஃப்லி அதை மடியில் வைத்திருக்கிறான்,
பேருந்தில் யாரோ நீட்டிய கைக்குழந்தையைப்போல.
ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் துண்டுகள்,
முந்நூற்று இருபது வெள்ளி,
முதுகு திறந்த மஞ்சள் லாரி.
அவன் எதையும் பிரிக்கிறவன் இல்லை.
வீட்டில் நாற்பது பெட்டி,
நாற்பதிலும் டேப் அப்படியே.

மஞ்சள் சரியில்லை என்கிறான் வெங் ஹோ.
போன வருடக் கிரேன் முட்டைக்கரு,
இது மஞ்சள்தூள்.
கதவுக்கு ஸ்டிக்கராம்,
இந்த விலைக்கு அச்சடித்தே தரக்கூடாதா?
கியர் நாலு, பின்னால் போக ஒன்று.
பிஸ்டன் ஆறும் உருட்ட உருட்ட ஏறி இறங்கும்.

என் அலமாரியில் ஒன்பது கார்.
ஒன்றுக்கும் நான் உரிமைச் சான்றிதழ் ஏலம் கேட்கவில்லை.
பத்து வருடம் முடிந்தால் நசுக்க அனுப்பவும் வேண்டாம்.
தூசி ஒன்றுதான் வரி.
அதைக் கட்ட பழைய ரூஜ் பிரஷ் இருக்கிறது.

சீராளன் தாமதமாக வந்தான்.
துவாஸ் விடுதியிலிருந்து இரண்டு பேருந்து.
பிஸ்கட் டின்னில் உதிரித் துண்டுகள்,
எடை போட்டு வாங்கியவை, பாதி அடர்நீலம்.
வெல்டிங் பொறி சுட்ட விரல்கள்;
நாங்கள் பல்லால் இழுக்கிற ஊசித்துண்டை
நகம் படாமல் கழற்றிவிடுவான்.

பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"பின்னாடி எத்தன பேரு?"

வெங் ஹோவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.
இது சரக்கு லாரி என்றான் அவன்.
அதைத் தமிழில் சொன்னேன்.
"எங்களுதும் சரக்கு லாரிதான்."

இதை அந்தப் பக்கம் கொண்டுபோக
எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.
தே ஹாலியா ஆறிப்போயிருந்தது.

ஜுல்கிஃப்லி ஒன்றும் சொல்லவில்லை.
சாவியை எடுத்து
டேப்பைக் கிழித்தான்.

பிறகு வேலைதான்.
ஒருவர் தேட, ஒருவர் பொருத்த, வெங் ஹோ குறைசொல்ல.
கடை மூடும் நேரத்துக்கு வண்டி எழுந்து நின்றது.
அங்கிருந்து புத்தகத்தில் இல்லாத பக்கம்.
நீலத் துண்டுகளில் கூரை போட்டோம்.
"மேல மட்டும் போதாது, மழ சாஞ்சுதான் வரும்."
பக்கத்திலும் போட்டோம்.
கம்பி எவ்வளவு உயரம் என்றதற்கு
உட்கார்ந்தபடியே தோளைத் தொட்டுக் காட்டினான்.
ஸ்பிரிங் கல்லாக இருக்கிறது,
ஆள் ஏறினால் அமுங்க வேண்டாமா என்றான்.
மாற்றினோம்.

ஆள்தான் கிடைக்கவில்லை.
டின்னில் இருந்த பொம்மைகள்
சக்கரத்தில் பாதி உயரம்கூட இல்லை.
இந்த அளவு வண்டிக்கு
ஆள் செய்வதில்லை அந்த நிறுவனம்.

தட்டிலிருந்த வேர்க்கடலையை எடுத்து உட்கார்த்தினான்.
பன்னிரண்டு.
கொஞ்சம் நெருக்கி, இன்னும் இரண்டு.
கை தானாகச் செய்தது போலிருந்தது.

மேசை நீளத்துக்கு ஓட்டினோம்,
மிளகாய்க் கிண்ணத்தைச் சுற்றி,
ஈரத் துணியைத் தாண்டி.
திருப்பத்தில் கடலைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தன.
"இவரு ஜூரோங்ல எறங்கிட்டாரு"
என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான் சீராளன்.
"இவரு பூன் லே."
எல்லாரும் சிரித்தோம்.
அவன்தான் முதலில் நிறுத்தினான்,
கடைசிப் பேருந்து பதினொன்றரைக்கு.

நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள்.
வெங் ஹோ இன்னும் வண்டியைக் காதோடு வைத்து
உருட்டிக்கொண்டிருக்கிறான்.
மூன்றாவது கியரில் எங்கேயோ பல் உரசுகிறதாம்.
பிரிக்க வேண்டும் என்கிறான்,
முழுவதும்,
அடியிலிருந்து.