ஈரப்பதம் பதினேழு

முதுகுக்காகத்தான் தொடங்கினேன்.
காரைக்குடி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து
"நாற்காலிதாம்மா வியாதி" என்றார்.
புதுவயல் அரிசி மில்லில்
இருபத்திரண்டு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
குனிந்து குனிந்து
முதுகெலும்பு ஒரு கால்புள்ளியாகியிருந்தது.

நாலே முக்காலுக்கு எழுந்து
பால் காய்ச்சும் முன் மொட்டை மாடியில் பாய் விரிப்பேன்.
புஜங்காசனத்தில் நெஞ்சைத் தூக்கினால்
முதலில் தெரிவது மில் புகைபோக்கி.
மூச்சை இழுத்தால்
அவித்த நெல்லின் வாசம், கொஞ்சம் உமித் தூசி.
பரவாயில்லை.
உள்ளே நான்கு, நிறுத்தி நான்கு, வெளியே எட்டு.

ஆறு மாதத்தில் முதுகு சொன்ன பேச்சுக் கேட்டது.
விரல் நுனி கால் கட்டைவிரலைத் தொட்ட அன்று
பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தனுப்பினேன்,
காரணம் சொல்லாமல்.

அதற்கப்புறம்தான் உட்காரத் தொடங்கினேன்.
சும்மா.
கண்ணை மூடிக்கொண்டு.

மூடியதும் அடைக்கலம் வந்தான்.
ஈரமானியை நெல் குவியலுக்குள் குத்தி
"பதினேழு" என்று கத்தினான்.
நான் பத்தொன்பது என்று எழுதினேன்.
கண்ணைத் திறந்தால் இன்னும் விடியவில்லை.
மூடினால் மறுபடியும் அடைக்கலம்.

வாரக்கணக்கில் இதே கதை.
அறுவடைக் காலத்தில் நாளைக்கு முந்நூறு மூட்டை,
மூட்டைக்கு ஒன்றரைக் கிலோ ஈரக் கழிவு.
பெருக்கிப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன்.
ஆசனம் மூன்றாம் படியாம்.
நான் இரண்டைத் தாண்டிக் குதித்து
நேரே மாடிக்குப் போயிருக்கிறேன்.
பொய்யாமை, கள்ளாமை...
அந்தப் பக்கங்களில் படம் எதுவும் இல்லை.
எந்தத் தசை இழுபடும் என்று குறிப்பும் இல்லை.

தை பதினொன்று.
சாக்கோட்டைப் பொன்னழகு டிராக்டரில் வந்து இறங்கினாள்.
இருபத்தெட்டு மூட்டை;
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்,
வியர்வையில் எட்டு பாதி அழிந்திருந்தது.
அடைக்கலம் குத்தினான்.
"பதினேழு."

ஒன்று போட்டேன்.
பேனா நின்றது.
வெளியே தவிட்டு மூட்டை ஏற்றுகிறவர்கள் சத்தம்,
மேலே சுற்றாத மின்விசிறி.
உள்ளே நான்கு.
நிறுத்தி நான்கு.
வெளியே எட்டு வரை போகவில்லை, ஆறிலேயே
ஏழு போட்டுவிட்டேன்.

பொன்னழகுக்கு ஒன்றும் தெரியாது.
பணத்தை எச்சில் தொட்டு எண்ணினாள்,
ரெண்டாம் தரமும் எண்ணினாள்,
கூடுதலாக வந்துவிட்டதோ என்று பயந்தவள்போல
விறுவிறுவென்று போய்விட்டாள்.

சாயங்காலம் மெய்யப்ப அண்ணன்
ரசீதுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கண்ணாடி மாத்தணுமோ?"
"வேண்டாம்ணே, தெரியுது."
அந்த மாதம் போனஸ் கவர் வரவில்லை.
அடுத்த மாதமும்.
மகன் ஹாஸ்டல் பணத்துக்கு
வளையல் ஒன்று அடகுக்குப் போனது.
இருபத்திரண்டு வருஷத்துப் பத்தொன்பதுகள்
அப்படியேதான் இருக்கின்றன
பீரோவின் அடித்தட்டில், கயிறு கட்டி.

அடைக்கலம் இப்போதும் வருகிறான்.
ஈரமானியைச் சுவரில் சாய்த்துவிட்டு
எதிரே ஒரு சாக்கின் மேல் உட்காருகிறான்.
கத்துவதில்லை.
கொஞ்ச நேரம் இருக்கிறான், பிறகு
எப்போது எழுந்து போனான் என்று தெரிவதில்லை.

இன்று கண்டனூர்ப் பக்கம் ரயில் கூவியது.
காது அதை வாங்கி, வைத்துக்கொள்ளாமல் விட்டது.
அதற்குள் ஒன்பது மூச்சு.
இல்லை, பதினொன்றோ.
எங்கேயோ
எண்ண மறந்திருக்கிறேன்.