இருபத்தாறு டிகிரி

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குள்
பதினான்கு வருஷமாக எனக்குக் குளிர்காலம்.
பத்தொன்பது டிகிரி.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடை,
கண் மட்டும் வெளியே.
ஷிப்ட் முடிந்து கதவைத் தள்ளினால்
தீவு முழுக்க வெயில்.

அதனால்தான்,
கேம்பல் வீதிக் கடைக்காரர்
பஞ்சு பொங்கும் தூக்கப்பையை உதறி விரித்து
"பூஜ்ஜியம் வரை தாங்கும், அக்கா" என்றபோது
சிரித்துவிட்டேன்.
பினாங்கில் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?
ஐஸ் கச்சாங் வண்டியிலா?
அவரும் சிரித்தார்,
இருபது வெள்ளி குறைத்தார்.
நான் வாங்கவில்லை.
பக்கத்தில் நின்ற பவளராணி வாங்கினாள்.

வீட்டில்
மாவு நிறுக்கும் தராசைத் துடைத்து
மேசைமேல் வைத்தேன்.
காற்றடைக்கும் மெத்தை நானூற்று எண்பது கிராம்.
தலையணை வேண்டாம்,
மறுநாள் சட்டையைச் சுருட்டினால் கழுத்துக்குப் போதும்.
போர்வை?
அலமாரி அடியில் ஒரு பத்தேக் கைலி,
துவைத்துத் துவைத்து நூலெல்லாம் இளகியது.
நூற்றுத் தொண்ணூறு.
கைலி பிறக்கும்போதே ஒரு குழாய்.
ஒரு முனையை மூடித் தைத்தால் பை.
நுழைந்து பார்த்தேன், மார்புவரை வந்தது.
குள்ளமாகப் பிறந்ததில்
நாற்பத்தொரு வயதில் கண்ட முதல் லாபம்.

வலையில் மட்டும் கஞ்சம் பிடிக்கவில்லை.
கொசுவலைக் கண்ணில் ஆகாஸ் பூச்சி
வாடகை கொடுக்காமல் குடிவந்துவிடும்.
நெருக்கமாய் நெய்த வலை, முந்நூற்றுப் பத்து.
எல்லாம் சேர்த்தும் ஒரு கிலோவுக்கு இருபது குறைவு.
தராசு முள்ளைப் படம் எடுத்து
ராணிக்கு அனுப்பினேன்.
அவள் நாற்காலியின் படத்தை அனுப்பினாள்.

தெலுக் பஹாங்கிலிருந்து காட்டுவழி.
ஒவ்வொரு ஏற்றத்திலும்
அவள் பூஜ்ஜியத்தைச் சுமந்தாள்.
நான் விசிலடித்துக்கொண்டு முன்னால் போனேன்.
கெராச்சூட் கடற்கரையில் இறங்கும்போது
அவள் முதுகில் சட்டை ஒட்டி
இந்தியப் பெருங்கடலின் வரைபடம்.

அங்கே ஓர் ஏரி உண்டு,
கடலும் ஓடையும் கலக்காமல் ஒரே கட்டிலில் கிடப்பது.
கீழே வெதுவெதுப்பான உப்புநீர்,
மேலே குளிர்ந்த நன்னீர்.
இதுதான் சரியான படுக்கை என்றேன்.
ராணி பதில் சொல்லவில்லை,
நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தாள்.

இருட்டிய பிறகும் இருபத்தாறு டிகிரி.
காற்று மணலில் முகம் புதைத்துத் தூங்கிப்போனது.
கைலியும் கனத்தது,
இடுப்புக்கு இறக்கினேன்.
பக்கத்துக் கூடாரத்தில் பூஜ்ஜியம்
ஜிப் திறந்து முழுதாய் விரிந்து கிடந்தது,
அதன்மேல் அவள்,
வறட்டியில் போட்ட அப்பம் போல.

இரண்டு மணிக்கு
என் மெத்தை நீளமாய் ஒரு மூச்சு விட்டது.
ஏதோ முள், ஏதோ சிப்பி.
நானூற்று எண்பது கிராமும்
ஒரு பிளாஸ்டிக் தோலாகிவிட்டது.
இடுப்பெலும்பு மணலைக் கண்டுபிடித்தது,
மணல் என் வயதைக் கண்டுபிடித்தது.

கைலிக்குள் இருந்தபடியே
கோணிப்பை ஓட்டம் போல் தத்தித் தத்திப் போய்
ராணியின் வலையைத் தூக்கினேன்.
கண் திறக்காமலே நகர்ந்தாள்.
"எத்தனை கிராம் நீ?" என்றாள்.
சொல்லவில்லை.
பூஜ்ஜியம் முதுகுக்குக் கீழே
மேகம் போல இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

திங்கள்கிழமை.
பத்தொன்பது டிகிரி.
வெள்ளை உடை, இரண்டடுக்குக் கையுறை.
அவளுடைய மலிவு வலையில்
இரவெல்லாம் சாய்ந்திருந்த முழங்கையில்
ஒன்பது கடி.
நான்காவது மேசையில் ராணியும்
தோளை இயந்திரத்தில் மெல்ல உரசுகிறாள்.
கண்ணும் கண்ணும் மட்டும் தெரிகிறது.
இந்த அறையில்
சொறிய அனுமதி இல்லை.